விடுவிப்புச் சீட்டு

சிவகுமார் முன்பக்கத்தையும் பழனிச் சித்தப்பா பின்பக்கத்தையும் பிடித்துத் தூக்குப்படுக்கையை உயர்த்திவிட்டார்கள். மருத்துவமனையின் பின்வாசற்படியைத் தாண்டினால் வேன். அந்தப் படியில் காவலாளி குறுக்கே வந்து நின்றான்.

“சீட்டு எல்லிப்பா? எங்கே சீட்டு?”

“என்ன சீட்டுங்க?” என்றான் சிவகுமார்.

“டிஸ்சார்ஜ் சீட்டு. அது காட்டாம யாரையும் வெளியே விடறதில்ல.”

“போறவரு என்ன, நடந்தா போறாரு?” பழனியின் குரல் உயர்ந்தது. “செத்த மனுசன் ஓடிப் போயிருவான்னு பயப்படறீங்களா?”

“உயிரோட போனாலும் சீட்டு, இப்படிப் போனாலும் சீட்டு. எங்கிட்டக் கத்தி என்ன பிரயோஜனம்? முன்னாடி ஆபீஸ்ல போய்க் கேளுங்க.”

எடுத்ததைப் பாதியில் இறக்கி வைப்பது ஆகாது என்று பழனி முணுமுணுத்தார். ஆனால் கை எவ்வளவு நேரம் தாங்கும்? மாதையனை மீண்டும் அந்தச் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்தார்கள். இறக்கியபோது முகத்துத் துணி விலகியது. மகள் ஸ்ரீதேவி குனிந்து அதைச் சரிசெய்தாள். விடியற்காலையில் அப்பா போனதிலிருந்து அவள் செய்துகொண்டிருந்தவை எல்லாமே இப்படிப்பட்ட சரிசெய்தல்கள்தாம். அழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

அப்பாவை ராமாபுரத்திலிருந்து மைசூருக்குக் கூட்டி வந்தவள் அவள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுப்பவள். நாலு பேரைத் தெரிந்தவள். பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று அவள்தான் சொன்னாள். அதை நம்பித்தான் அம்மா வடிவு பஸ் ஏற்றிவிட்டாள். இன்று காலை கடைக்காரர் வீட்டுத் தொலைபேசியில் செய்தி கேட்டபோதும் அவள் கதறவில்லை. “நீ கூட்டிக்கிட்டுப் போனவ. நீயே கூட்டிக்கிட்டு வந்துரு கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பி சிவகுமார் கொண்டுவந்திருந்த செய்தி வேறு. ஊரில் குழி வெட்டிவிட்டார்களாம். வெட்டிய குழியை வாய்திறந்தபடி இரவில் விட்டால் அது இன்னோர் ஆளைக் கேட்கும் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. பொழுது சாய்வதற்குள் பிணம் வந்து சேரவில்லையென்றால், ஒரு கோழியை அறுத்து உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். பிறகு வேறிடம் பார்க்க வேண்டும்.

“எங்கண்ணனுக்குன்னு பாத்த எடம் அம்மிணி. எங்கப்பனாத்தா பக்கத்துல” என்றார் பழனி. “அதுல கோழியா படுக்கறது? நீ படிச்சவ. போய்ப் பேசு.”

கொள்ளேகாலைத் தாண்டி, ஹனூரைத் தாண்டிப் போகவேண்டிய வழி. உச்சிப்பொழுது ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருந்தது.

முன்னலுவலகத்தில் ஒரு சிறு கூட்டம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சள் சாமந்திச் சரம் இன்னும் கழற்றப்படாத கம்ப்யூட்டருக்கு முன்னால், ராணி என்ற பெண் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தசரா முடிந்து அன்றைக்குத்தான் அலுவலகம் திறந்திருந்தது. ஆயுத பூஜைக்காக அணைத்த இயந்திரத்தைக் காலையில் மறுபடி இயக்கியிருக்கிறார்கள். கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி வந்து அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்த வரியின் பொருள்.

நிர்வாகி நஞ்சுண்டசாமி நெற்றியில் குங்குமம் துலங்கக் கையை விரித்தார். “ஏன் மாடோது மேடம், என்ன பண்றது? அது எழுந்திருக்கவே மாட்டேங்குது. பெங்களூர்க் கம்பெனி ஆளு தசரா ரஜாவுல இருக்கான். நாளைக்குக் காலைல வரேன்னு போன்ல சொன்னான்.”

“பணமெல்லாம் கட்டியாச்சு சார். ஒரு சீட்டுதானே? கையால எழுதிக் கொடுத்துடுங்க.”

“கையில எழுதினா எப்படி மேடம்? நம்பரை அதுதானே கொடுக்கணும். நம்பர் இல்லாம சீட்டு செல்லாது.”

“டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா?”

“டாக்டரும் நம்பரைப் பாத்துத்தானே மேடம் போடுவாரு.”

பெயர், ஊர், தேதி, ஒரு கையொப்பம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடக்கூடிய நாலு வரி. அந்த மருத்துவமனை தோன்றிய நாளிலிருந்து பிறப்பையும் இறப்பையும் பேனாவால்தான் எழுதி வந்தது. இயந்திரம் வந்து இரண்டே ஆண்டுகள். அதற்குள் அங்கிருந்த அத்தனை பேருக்கும் பேனா பிடிக்க மறந்துபோயிருந்தது. மறந்துபோனதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே, எழுத முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார் நஞ்சுண்டசாமி.

“நான் பார்க்கட்டுமா?” என்றாள் ஸ்ரீதேவி. “எனக்கு இதுதான் வேலை.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கசங்கிய புடவை, வாராத தலை. “தந்தை போன நேரத்துல உங்களுக்கு எதுக்கு மேடம் தொந்தரவு…” என்று இழுத்துக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் இயந்திரத்தை அணைத்தாள். மூச்சு விடும் நேரம் காத்திருந்து மறுபடி இயக்கினாள். அதே வரி. அமைப்புத் திரைக்குள் நுழைந்து, டிஸ்க்கைத் தானே தேடும்படி இயந்திரத்துக்குக் கட்டளையிட்டாள். அது தேடியது. ஒன்றுமில்லை என்றது. முகப்பில் டிஸ்க்குக்கு உரிய சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுங்காமல், ஏற்றியது ஏற்றியபடி எரிந்துகொண்டிருந்தது. இப்படி எரிந்தால் உள்ளே வடம் தப்பாக மாட்டியிருக்கிறது என்று வகுப்பில் அவள் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறாள்.

“பெட்டியைத் திறக்கணும் சார்.”

“ஐயையோ, வேண்டாம். சீல் இருக்கு. சீலைக் கிழிச்சா அப்புறம் கம்பெனிக்காரன் வரவே மாட்டான்.”

ஸ்ரீதேவி பெட்டியைத் திருப்பிப் பின்புறம் பார்த்தாள். திருகாணியின் மேல் ஒட்டியிருந்த தாள் முத்திரை இரண்டாகக் கிழிந்து, அதன்மேல் செலோடேப் ஒட்டியிருந்தது. ராணி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வேனின் ஹாரன் நீளமாக ஒலித்தது.

நஞ்சுண்டசாமி யாரோ கூப்பிட்டு அப்பால் நகர்ந்ததும், ராணி அவள் காதருகே வந்தாள். “மேடம், நான்தான் தொறந்தேன். பூஜைக்கு எல்லாரும் அவங்கவங்க சாமானைக் கழுவறாங்க. லிப்ட்டைக்கூடக் கழுவினாங்க. இதுக்குள்ள ஒரே தூசி. வெறுமனே மேல மட்டும் பொட்டு வெச்சா என்ன பூஜைன்னு… உள்ளார எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சு, எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க திரும்ப மாட்டிட்டேன். சத்தியமா அப்பிடியேதான் மாட்டினேன். சொல்லிடாதீங்க மேடம். வேலை போயிடும்.”

ராணியே ஒரு கத்தி கொண்டுவந்தாள். ஸ்ரீதேவி அதன் முனையால் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே தூசு இல்லை. கோயில் கருவறையைப் போலத் துடைத்து வைத்திருந்தது. டிஸ்க்கின் உலோக முதுகில் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தி இதழையும் ஒட்டியிருந்தாள் ராணி. அதனோடு சேரவேண்டிய தட்டையான நாடா வடம் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது. வடத்தின் ஓரத்துச் சிவப்புக்கோடு மின்கம்பி இருக்கும் பக்கமாக வரவேண்டும். அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் பக்தியோடு செய்த காரியம். மாதையன் தரையில் கிடந்தார்.

“அக்கா!” சிவகுமார் கண்ணாடிக்கு வெளியே நின்றான். “சித்தப்பா கத்தறாரு. ஆகுமா ஆகாதா?”

“ஆகும். நீ அப்பாகிட்ட நில்லு.”

வடத்தைப் பிடுங்கித் திருப்பி, முனை ஒவ்வொன்றும் வளையாமல் அழுத்திச் செருகினாள். மூடாமலே இயக்கினாள். டிஸ்க்குக்குள் ஏதோ முனகிச் சுழலத் தொடங்கியது. சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. திரையில் வரிகள் விறுவிறுவென்று ஏறின.

நஞ்சுண்டசாமி கையைத் தட்டினார். அவரைப் பார்த்துக் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். “சபாஷ் மேடம்! என்ன ஆகியிருந்துச்சு?”

ராணியின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன.

“வடம் தளர்ந்திருந்தது” என்றாள் ஸ்ரீதேவி.

“பாத்தீங்களா, அந்தக் கம்பெனிக்காரன் சரியா மாட்டல. நான் அப்பவே நெனச்சேன். மேடம், இனிமே வருஷா வருஷம் நீங்களே வந்து பாத்துக்கறீங்களா? உங்களுக்கு ஒரு காப்பி சொல்லட்டுமா?”

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அப்பாவின் பெயரைத் தானே அடித்தாள். அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. மாதையன். ராமாபுரம். காலமானார். ஓர் எண். தாளைக் கிழித்துக் கண்ணாடியின் துளை வழியாகத் தம்பியிடம் நீட்டினாள்.

“ஏத்துங்க. இதோ வந்துட்டேன்.”

அவன் ஓடினான். அவள் எழுந்துவிட்டாள். ராணி தன் நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் முதலில் நின்றவருக்குச் சீட்டு அடித்தாள். குண்டலுபேட்டையைச் சேர்ந்த ஓர் இளைஞன், மனைவிக்குப் பிரசவமாகியிருந்தது. ஓரத்துப் பெஞ்சில் அந்த மனைவி துணியில் பொதிந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாடகை ஜீப் வாசலில் நின்றது.

தாள் வந்தது. ராணி அதைப் பாராமலே கிழித்து நீட்டப்போனாள். ஸ்ரீதேவி பார்த்துவிட்டாள். மாதையன். ராமாபுரம். காலமானார்.

அவள் கை முந்திக்கொண்டு அந்தத் தாளைப் பிடுங்கியது.

“ஏன்கா, பேர் தப்பா?” என்றான் இளைஞன்.

“ஆமா. கொஞ்சம் இருங்க.”

ராணி வேறொருவர் பெயரை அடித்துப் பார்த்தாள். அடுத்த தாளிலும் மாதையன்தான் வந்தார். யாரைக் கேட்டாலும் அந்த இயந்திரம் அவரையே எடுத்து நீட்டியது. பூஜைக்கு முன்னால் நிரலை முறையாக மூடாமல் மின்சாரத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். பதிவுகளின் வரிசை குலைந்துவிட்டது. சீர்படுத்தலாம். ஆனால் அதற்கான கட்டளை ராணிக்குத் தெரியாது. நஞ்சுண்டசாமிக்கு அப்படியொன்று உண்டென்பதே தெரியாது.

“ரெண்டே நிமிஷம் மேடம்” என்றார் அவர். “பச்சைக் குழந்தையை வெச்சிட்டு உக்காந்திருக்காங்க, பாருங்க.”

அவள் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஏற்றிக்கொண்டிருப்பார்கள், கயிறு கட்ட வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும். பெஞ்சில் குழந்தை வீறிட்டது. அவள் விட்டுப் போனால், இவர்கள் அந்தச் சீட்டையே கொடுத்தாலும் கொடுத்துவிடுவார்கள். எண் சரியாக இருக்கிறதே என்பார்கள். பிறந்து கண் திறக்காத குழந்தையின் தாய் கையில், ஸ்ரீதேவியின் அப்பா இறந்ததைச் சொல்லும் தாள்.

உட்கார்ந்தாள். கட்டளையை அடித்தாள். திரையில் எண்கள் ஊர்ந்தன. நூறு, இருநூறு என்று சிகிச்சை பெற்றவர்கள் எல்லாரையும் அந்த இயந்திரம் ஒவ்வொருவராக எண்ணி, மறுபடி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தது. அவசரப்படுத்த வழியில்லை. இரண்டு நிமிஷம் அன்று. அதைப்போல் பல மடங்கு ஆயிற்று. யாரோ கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்தது. ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

கடைசியில் அந்தத் தாயின் பெயர் சரியாக வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றிருந்தது. ஸ்ரீதேவி ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தே அந்தத் தாளைக் கொடுத்தாள். அப்பா பெயரில் தவறாக வந்து தன் கையில் கசங்கியிருந்த மற்ற இரு தாள்களையும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பின்வாசலில் வேன் இல்லை.

காவலாளி பீடியை மறைத்துக்கொண்டு எழுந்தான். “போயிட்டாங்கம்மா. அப்பவே போயிட்டாங்க. உன் தம்பி கூப்பிடறேன்னுதான் உள்ளே ஓடி வந்தான். அந்தப் பெரியவர் பிடிச்சு இழுத்துட்டாரு.”

“என்ன சொன்னார்?”

“என்னமோ… பொம்பளப் புள்ள எப்படியும் குழிக்கிட்ட வரப்போறதில்ல, பொழுது போயிடும், அவ பஸ்ஸுல வரட்டும்னாரு. நான் என்ன பண்றதும்மா? சீட்டு இருந்துச்சு, விட்டுட்டேன்.”

அவள் தலையாட்டினாள். தரையில் தூக்குப்படுக்கை இருந்த இடத்தில், அதன் கால்கள் பதிந்திருந்த ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

“அக்கா! அக்கா!”

அந்த இளைஞன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. “உங்களை எங்கெல்லாம் தேடறது! நீங்க இல்லேன்னா இன்னிக்குப் போயிருக்கவே முடியாது. பொண்ணு பொறந்திருக்காக்கா. எடுத்துக்கங்க. ஒண்ணாவது எடுத்துக்கணும்.”

அவள் எடுக்கவில்லை. அவனே ஒரு பேடாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

“என்ன பேர் வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

“இன்னும் யோசிக்கலக்கா. ஊருக்குப் போனப்புறம்தான்.” சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஜீப்பில் தொற்றிக்கொண்டான்.

கொள்ளேகால் பஸ் எங்கே நிற்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் காவலாளியிடம் வழி கேட்டாள். அவன் சாலையைக் காட்டி நெடுநேரம் விளக்கினான். இடையில் ஒருமுறை நிறுத்தி, அவளுடைய மூடிய கையை வியப்போடு பார்த்தான். பேடா நசுங்கி, விரலிடுக்கில் நெய் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.