பதினான்காம் பத்தி

விசாரணை அறையில் உல்ஃப் பிராண்ட்னர் எதிராளிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருடம் முன்புவரை என் கட்சிக்காரி வீப்கேயின் ஆய்வகத்தில் இருந்தவன், இன்று போட்டி நிறுவனத்தில் இருக்கிறான்.

"என்னத்தையோ திருடிக் குடுத்திருக்கான். அந்த ஒல்லி ஃபைலை மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கிறான் பாருங்க," என்றேன்.

"முதல்ல அந்த பிரெட்செல் ரொட்டியைச் சாப்பிடுங்க. பசிச்சா வக்கீலுக்கு எல்லாரும் திருடனாத் தெரியும்," என்றாள் வீப்கே.

ஆஸ்துமா இன்ஹேலரின் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. மருந்து ஒட்டிக்கொள்ளாத ரப்பரைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. இது யாருக்கும் தோன்றியிருக்கும், இதற்கு எதற்குக் காப்புரிமை என்பது எதிராளிகளின் வாதம். இங்கே மியூனிக் காப்புரிமை அலுவலகத்தில் அது ரத்தானால் அவளுடைய ஆய்வகத்தை மூடிவிடுவார்கள்.

இந்த ரப்பர் முன்பே புழக்கத்தில் இருந்தது என்று காட்டக் காலையில் அவர்கள் நீட்டிய இரண்டு பழைய விற்பனைப் பட்டியல்களையும் ஊதித் தள்ளினேன். ஒல்லி ஃபைலை மட்டும் அவர்கள் திறக்கவில்லை. இடைவேளையில் உல்ஃபைத் தாழ்வாரம்வரை துரத்திப் போனேன்.

"எங்க ஆய்வக நோட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கியா?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்? நீங்க எழுதினதையே இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க," என்றான். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அவர்களுடைய வக்கீல் கெட்டல்ஹாக் அம்மாள் அந்த ஃபைலைத் திறந்தாள். உள்ளே இருந்தது எங்கள் காப்புரிமை ஆவணமேதான். பதினான்காம் பத்தியை நிதானமாகப் படித்தாள்: "இவ்வகை ரப்பர் இத்தகைய வால்வுகளுக்கு ஏற்றது என்பது துறையினர் நன்கறிந்ததே."

அது நான் எழுதிய வரி. யாருக்கும் தோன்றியிருக்கும் என்ற அவர்கள் வாதத்தை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. விளக்கி எழுதச் சோம்பல்பட்டால் எங்கள் தொழிலில் எல்லோரும் 'நன்கறிந்ததே' என்று ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வோம், கை தானாக எழுதும். என்னென்னவோ சொல்லி மழுப்பினேன். மூன்று நடுவர்களும் என்னைப் பார்க்காமல் குறிப்பெடுத்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, காப்புரிமை ரத்து என்று அறிவித்தார்கள்.

உல்ஃப் கோட்டை மாட்டிக்கொண்டே எங்களிடம் வந்தான். "நான் ஆய்வகத்துல இருந்தப்ப காப்புரிமை வரைவு வந்துச்சே, அப்பவே அந்த வரிக்குப் பக்கத்துல சிவப்புப் பென்சில்ல கேட்டிருந்தேன். 'நமக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்'னு."

எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு நான் அனுப்பிய பதிலும் ஞாபகம் வந்தது: சும்மா ஒரு சம்பிரதாய வரி, கண்டுக்காதீங்க.

அவன் போன பிறகு வீப்கே என் பக்கம் திரும்பினாள்.

"அந்த வரி தேவையா இருந்துச்சா?"

"இல்லை," என்றேன்.