மாடிக் கயிறு

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அக்கா உட்காரப் போன நேரத்தில்தான், தண்ணீர்க் குழாயில் அவள் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு அவிழ்ந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற கால்கள்; உட்காரப் போகிறோம் என்ற நினைப்பிலேயே பாதி வலி போயிருந்தது. நழுவிய முனையை எட்டிப் பிடித்தாள். மொட்டைமாடியின் அந்தக் கோடியில் தம்பி, ஒரு கையால் கயிற்றைத் தடவியபடி அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தான்.

லாரி ஓட்டியவன். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோன பிறகு நாற்காலியே கதி என்று ஆகிவிட்டான். இப்படியே இருந்தால் அடுத்தது கால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வேலை முடிந்து வந்து, கையைப் பிடித்துத் தெருவில் நடத்திப் பார்த்தாள். பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்திக்கு உட்கார நேரமில்லை, ஒருத்தனுக்கு எழுந்திருக்க மனமில்லை. நல்ல ஜோடி. பார்வையற்றோர் மையத்திலிருந்து வந்த பயிற்சியாளர்தான், "நீங்க பிடிச்சிருக்கிற வரைக்கும் அவர் தானா நடக்க மாட்டார். மாடியில ஒரு கயிறு கட்டிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றுதான் முதல் நாள். முடிச்சு அவிழ்ந்தது தெரிந்தால் இந்த ஜென்மத்தில் மாடி ஏற மாட்டான். காலையிலிருந்தே ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறான். அக்கா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரில் காலை ஊன்றி, குழாய்க்குப் பதில் குழாயாக நின்றாள். அவன் வந்தான், போனான், வந்தான். நிற்பதற்கென்றே பெற்றுப் போட்டார்களா என்று அவளுக்கு அழுகை வந்தது.

மறுபடி பக்கத்தில் வந்தவன் நின்றுவிட்டான்.

"குழாய்க்கு ஏன்க்கா மூச்சு வாங்குது?"

அவன் கயிற்றை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

"எப்ப அவுந்துச்சு?"

"ஆரம்பத்துலயே. கீழ போயிடலாம்னுதானே சொல்லப் போறே? வா, போயிடலாம். எனக்கும் முடியலடா."

அவன் கையை நீட்டினான். "குடு."

குழாயைத் தடவிக் கண்டுபிடித்தான். சரக்கின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற லாரிக்கார முடிச்சு. விரல்கள் யோசிக்கக்கூட இல்லை. இழுத்த இழுப்பில் கயிறு விண்ணென்று நின்றது.

"பொட்டலம் கட்டுற மாதிரி கட்டியிருக்கே. உட்காரு."

பக்கெட்டின் மேல் உட்கார்ந்து குழாயில் சாய்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். அவன் போகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றின் அதிர்வு குழாய் வழியே முதுகில் தெரிந்தது. தூரமாகப் போய்ப் போய்த் தேய்ந்தது. பிறகு, மெல்ல, திரும்பி வந்தது.