கேட்காமல் எடுத்த பெயர்

தீவு மொழியில் தமா என்றால் பிள்ளை, தோவா என்றால் வீரன். படகுப் போட்டியில் ஜெயித்த வெளியூர்க்காரன் எவனையோ தமாத்தோவா என்று கூப்பிடக் கேட்டதிலிருந்து திஹோத்திக்கு அந்தப் பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது. தலைமகனுக்கு அதையே வைத்துவிட்டான். ரையாத்தேயாத் தீவின் பழைய தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர் அது, அந்த வீட்டாரைக் கேட்காமல் வைக்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

ஞானஸ்நானத்தன்று போதகர், யார் வழியில் வந்த பெயர் என்று சபை நடுவே கேட்டார். அம்மா வழி என்று அவிழ்த்துவிட்டான். செத்துப்போன அம்மா எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்!

அவனோடு வெனிலாத் தோட்டத்தில் வேலை பார்த்த ராஹிதியின் செத்துப்போன அப்பாதான் ஊரில் கடைசித் தமாத்தோவா. ராஹிதியின் மனைவி நிறைமாதம்; ஆண் பிறந்தால் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். சண்டைக்கு வருவான் என்று திஹோத்தி பயந்து கிடந்தான். அவனோ ஓடிவந்து கட்டிக்கொண்டான். சொந்தம் என்று தெரியாமல் இத்தனை நாள் வாடா போடா என்று பேசிவிட்டேனே என்று வருந்தினான். அன்றிலிருந்து வாய்க்கு வாய் அண்ணே. திஹோத்திக்கு அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. உண்மையைச் சொல்லத்தான் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ராஹிதி தன் பன்றியையே வெட்டிக் குழியடுப்பில் புதைத்துச் சுட்டான். சாப்பிட்டு முடித்ததும் திஹோத்தியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முதல் தலைவரில் தொடங்கி ஒவ்வொரு முன்னோராகச் சொல்லி வந்தான். தன் அப்பாவின் பெயரில் வந்து நிறுத்தினான்.

"எங்க கிளையச் சொல்லி முடிச்சுட்டேன், அண்ணே. உங்க அம்மா எந்தக் கிளை? அத நீங்கதான் சொல்லணும்."

விருந்துக்கு வந்தவர்களெல்லாம் அவன் பக்கம் திரும்பினார்கள். திஹோத்தியின் மானம் அங்கேயே கப்பலேறியது. தலையைத் தூக்க முடியவில்லை.

"எந்தக் கிளையும் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

பெயரை மாற்று என்று ராஹிதியின் அத்தை கத்தினாள். ராஹிதி குழந்தையைத் தாயிடம் கொடுத்தான்.

"விடு அத்த. புள்ள என்ன பண்ணுச்சு? பேரு அதுக்கே இருக்கட்டும்." பிறகு முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "காலைல தோட்டத்துக்கு வந்துரு, திஹோத்தி."

அண்ணேயும் இல்லை, பழைய வாடா போடாவும் இல்லை.

அடுத்த மாதம் ராஹிதிக்கு மகன் பிறந்தான். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளை வேண்டாம் என்று வேறு பெயர் வைத்தார்கள். திஹோத்தியின் மகனை இப்போது ஊரே தமாத்தோவா என்று கூப்பிடுகிறது. பெற்றவனுக்கு மட்டும் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை. டேய் குட்டி என்றுதான் கூப்பிடுகிறான்.