வெளிறிய படமும் எட்டு நிமிடமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் குப்பைக்கூடையில் கண்டெடுத்தேன். விரல் நீளத்தில் ஓர் எக்ஸ்ரே பட நறுக்கு. அதில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு இறங்கும் எட்டுப் படிகள். யாருடையது, எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்கு வசதி. ஒரு நறுக்குக்கு ஒரு பெண்ணையும் ஒரு பாய்லரையும் சேர்த்துவைப்பது பெரிய வேலையா என்ன?

2

முதல் தொடக்கம்: "மலேசியாவின் கேமரன் மலையில் அன்று பசுமாட்டைக் கறந்தால் ஐஸ்கிரீம்தான் விழுந்தது, ஈப்போவிலிருந்து வந்த சுபத்ரா, பல் கிட்டி..."

(அடித்தாயிற்று. "பதினாறு டிகிரி" என்கிறாள் சுபத்ரா. நான் உண்டாக்கிய பெண் என்னையே திருத்துகிறாள்.)

சரி, பதினாறு டிகிரி. வெல்டிங் போட்ட இரும்பை எக்ஸ்ரே எடுத்து உள்ளே விரிசல் உண்டா என்று பார்ப்பது அவள் தொழில். போன வாரம் பாய்லரில் ஒட்டுப்போட்டிருந்த இடத்தை அன்று காலையில் படமெடுத்தாள். விரிசல் தெரியவில்லை. அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பிறகுதான் படம் கழுவும் மருந்துத் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் பதினாறு. வெயில் ஊரான ஈப்போவின் பழக்கத்தில் படத்தை ஐந்து நிமிடம்தான் ஊறவைத்திருந்தாள். குளிர்ந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், எட்டு நிமிடமாவது வேண்டும்.

3

படிக்கட்டு போல் செதுக்கிய சின்ன இரும்புத் துண்டு ஒன்று அவள் பெட்டியில் எப்போதும் இருக்கும். அதைப் படத்தின்மேல் வைத்துக் கதிரைப் பாய்ச்சினாள். மெல்லிய படிக்கு அடியில் கதிர் அதிகம், படம் கறுக்கும். தடித்த படிக்கு அடியில் குறைவு, வெளிறும். இப்படி இரண்டு நறுக்குகள். ஐந்து நிமிடம் ஊறியதில் தடித்த படிகள் நான்கும் ஒரே கஞ்சித்தண்ணீர். எட்டு நிமிடம் ஊறியதில் எட்டும் தனித்தனி. நடுப்படியின் கருமையைக் கருவியால் அளந்தாள்: முதலாவதில் 1.1, இரண்டாவதில் 2.3. இரண்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் படத்தை நம்பக்கூடாது.

[படியே தெரியாத படத்தில் விரிசல் எப்படித் தெரியும்? இந்த ஒரு வரிக்காக முந்நூறு பக்கம் எழுதிக் கிழித்தேன். சுபத்ரா முறைக்கிறாள். மூன்று பக்கம்.]

4

"மேடம், படம் பளிச்சுனு இருக்குலா. நெருப்பு போடச் சொல்லவா?" என்றார் மேனேஜர் குகனேஸ்வரன்.

"வெளிறிப்போன படம் சார் அது. தப்பு என்னோடது." கையெழுத்துப் போட்ட தாளை நாலாகக் கிழித்தாள். "மறுபடி எடுக்கணும். விரிசலோட நெருப்பு போட்டா பாய்லர் வெடிச்சிடும்."

"நாலு டன் கொழுந்து மேல் மாடியில வாடிக்கிட்டு கெடக்கு! பாய்லர் சூடு இல்லாம எப்படி காயவைக்கிறது?"

பாய்லருக்கு விறகு போடும் தங்கையா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாப்பா, இருபது வருசமா இதுக்கு முன்னால நிக்கிறேன். சத்தத்த வச்சே அதுக்குக் கோவமா இல்லியான்னு சொல்லிடுவேன்."

"இப்ப என்ன சொல்லுது அங்கிள்?"

"அணைஞ்சில்ல கெடக்கு. அணைஞ்சது என்னத்த பேசும்?"

"அதான் நான் கேட்டுப் பாக்கறேன்."

5

குகனேஸ்வரனுக்கு முதலில் கதவகல மீசை வைத்து வில்லனாக்கினேன். ஆனால் அந்த நாலு டன்னும் விடிகாலையிலிருந்து சரிவில் நின்று பெண்கள் கத்தரியால் வெட்டியது. கெட்டுப்போனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மீசையை எடுத்துவிட்டேன். இப்போது அவருக்கு வியர்க்கிறது, பதினாறு டிகிரியில்.

6

சுபத்ரா மறுபடி படமெடுத்து, இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு நிமிடம்.

ஒரு முடிவு: தாப்பாவிலிருந்து இங்கே ஏறிவரும் மலைப்பாதை நீளத்துக்கு விரிசல். கொழுந்து உரக்குழிக்குப் போகிறது, தங்கையா வீட்டுக்குப் போகிறார்.

இன்னொன்று: விரிசலே இல்லை. நாலு டன்னைப் பாழாக்கிய மேடத்தைப் பற்றிக் குகனேஸ்வரன் சாகும்வரை பேசுகிறார்.

மூன்றாவது: படம் வரும் முன்னே தங்கையா தீக்குச்சியை

இதற்குமேல் எழுத வரவில்லை.

ஆறு நிமிடம் ஆகிவிட்டது. இடையில் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் பாழ். "போதும்லா, பத்த வைங்க" என்கிறார் குகனேஸ்வரன். தங்கையா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கூட்டிச் சொல்கிற ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசிக்கிற உங்களைப் பார்க்கிறார்.

"என்னாங்க, பத்த வைக்கவா, நிக்கவா?"