ஆய்வுக்கு வைத்த பிராம்ப்ட்

மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். கொல்லிமலையின் அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் சுவருக்கு அடித்து முடித்துவிட்டு, பிராம்ப்டுக்கும் அடித்தார்கள்.

பிராம்ப்ட் என்பது வேறொன்றுமில்லை. கர்ப்பிணிகள் போன் செய்தால் பேசும் ஏஐ இயந்திரத்துக்கு, எதைக் கேட்க வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் ஸ்டெல்லா எழுதிக் கொடுத்த குறிப்பு. இரண்டு வருடமாக அதைத் திருத்தித் திருத்தி 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று கம்ப்யூட்டரில் குவித்து வைத்திருந்தாள். தேதி போடும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

அதில் ஒரு வரி அவள் அழுதுகொண்டே எழுதியது. 'இங்கே பெண்கள் வலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நிறைமாதக்காரி அசதி என்றால் உடனே ஆம்புலன்ஸை அனுப்பி, எனக்கும் சொல்.' அசதி என்று வந்த ஒருத்தியைப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பறிகொடுத்த அன்றைக்கு எழுதியது.

"வர்றவங்க இதைப் படிச்சா நம்ம ஜனங்களைக் குறை சொல்ற மாதிரி இருக்கும்மா. ஆய்வு முடியற வரைக்கும் எடுத்து வைங்க" என்றார் அவளுடைய அதிகாரி பாலசுப்பிரமணியம். ஸ்டெல்லாவும் அந்த வரி இல்லாத நகல் ஒன்றை இயந்திரத்தில் ஏற்றினாள். திங்கட்கிழமை வந்தவர்கள் பாராட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மிளகு வாங்கிக்கொண்டு மலையிறங்கினார்கள்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இயந்திரத்துக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தபோதுதான் ஸ்டெல்லாவுக்கு விஷயம் தெரிந்தது. ஆய்வு முடிந்த கையோடு பழைய குறிப்பைத் திரும்ப ஏற்றிவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அத்தனை 'இறுதி'களுக்கு நடுவில், வரி இல்லாத நகலையே மறுபடியும் ஏற்றியிருந்தாள்.

காலை ஏழு பத்துக்குத் திண்ணனூர் நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து கலைமணி பேசியிருக்கிறாள். நிறைமாதம், தலைப்பிரசவம். "கொஞ்சம் அசதியா இருக்குங்க" என்றிருக்கிறாள். "நன்றாக ஓய்வெடுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், யாரும் எழுப்ப வேண்டாம்" என்று இயந்திரம் இனிமையாகப் பதில் சொல்லியிருந்தது.

வெளியே மூட்டம் இறங்கி ரோடே தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஸ்டெல்லா கலைமணியின் எண்ணை அழுத்தினாள். கர்த்தரே, யாராவது எடுக்கட்டும். மூன்றாவது முறைதான் கலைமணியின் புருஷன் மணிவண்ணன் எடுத்தான்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"மணிவண்ணன், கலைமணி எங்க? போனை அவகிட்ட குடுங்க, சீக்கிரம்!"

"தூங்கறாளுங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "காத்தால முனகிக்கிட்டே இருந்தாளுங்க. மத்தியானத்துக்கு மேல அதுவும் இல்லீங்க, அசையாமத் தூங்கறா. எழுப்ப வேண்டாம்னு உங்க போன்ல சொல்லுச்சுங்களே! எங்கம்மாவைக்கூட ஊட்டுக்குள்ள விடாம நான்தானுங்க வாசல்ல காவலுக்கு உக்காந்திருக்கேன்."