கடைசி ஆளின் கோல்

கடைசி ஆள் கோலை உயர்த்திக் காட்டாமல் முதல் ஆள் திருப்பத்தைத் தாண்டக் கூடாது. செயாக் மலைநடைச் சங்கத்தில் இதை யாரும் மீறியதில்லை. காற்றும் தொப்பியும் காதை அடைத்திருக்கையில் தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்? முதல் ஆள் கோலைத் தூக்குவார். பின்னாலிருந்து ஒரு கோல் எழும். எல்லாரும் இருக்கிறோம், போகலாம் என்று அர்த்தம்.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை முதல் ஆள் ஒதில். கடைசி ஆள் அவள் புருஷன் அன்செல்ம். நடுவில் ஆறு பேர்.

காரை நிறுத்திய இடத்திலேயே அன்செல்ம் முனகினான். "இன்னிக்கு நான் வரலை. நெஞ்சு என்னமோ பண்ணுது."

"ராத்திரி அவ்வளவு சீஸை அள்ளிப் போட்டா பண்ணாம என்ன செய்யும்? சாக்குச் சொல்லாம காலணியை மாட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து, பனியில் புதையாத அந்த அகலக் காலணிகளை மாட்டிக்கொண்டான்.

அரை மணி நேரம் ஏறியதும் ஒதிலுக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நிஜமாகவே நெஞ்சு வலியாக இருந்தால்? முதல் திருப்பத்தில் நின்றாள். மூடுபனி இறங்கியிருந்தது. கோலைத் தூக்கினாள். வரிசையின் கடைசியில் உடனே ஒரு கோல் எழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இரண்டாவது திருப்பத்தில் மூன்றாம் ஆளுக்குப் பின்னால் யாருமே தெரியவில்லை. ஆனால் கோல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மூடுபனியில் அது எப்படித் தெரிந்தது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

மேலே ஆட்டிடையர் குடிசையில் ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆறாவதாக வந்தவள் நர்ஸ் ரெஜின்.

"அன்செல்ம் எங்க?" என்று கேட்டாள் ஒதில்.

"எனக்குப் பின்னாலதான் வந்தாரு. காலணி சரக் சரக்குனு உரசுற சத்தம் குடிசை வரைக்கும் கேட்டுதே."

காத்திருந்தார்கள். மூடுபனிக்குள் இருபதடி தூரத்தில் ஒரு கோல் எழுந்து நின்றது. ஒதில் ஓடினாள். அங்கே ஆளும் இல்லை, கோலும் இல்லை.

வந்த தடத்திலேயே இறங்கினார்கள். முதல் திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு லார்ச் மரத்தில் சாய்ந்து அன்செல்ம் உட்கார்ந்திருந்தான். மடியில் பனி படிந்திருந்தது. இரண்டு கோல்களும் அவன் கால்களுக்கடியில் கிடந்தன. பக்கத்தில் பிளாஸ்க் மூடியில் பாதி குடித்த தேநீர் உறைந்திருந்தது.

ரெஜின் கையுறையைக் கழற்றி அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஏறும்போதே உட்கார்ந்துட்டாரு போல. கொஞ்ச நேரம் உயிரோடதான் இருந்திருக்காரு, ஒதில். நாம வருவோம்னு பார்த்துட்டு இருந்திருப்பாரு."

"இல்ல. ரெண்டு திருப்பத்துலயும் கோலைத் தூக்கிப் பதில் சொன்னானே."

மற்ற ஐந்து பேரும் தங்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒதில் அவன் முன்னால் மண்டியிட்டாள். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. முப்பத்தோரு வருஷமாக, வீட்டில் நாலு தடவை கூப்பிட்டால்தான் ஏனென்று கேட்கும் மனுஷன்.

"ஏன் பதில் சொன்ன?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீ பேசாம இருந்திருந்தா, அப்பவே இறங்கி வந்திருப்பேனே."