பஞ்சு மேல் படுத்த தூக்கங்கள்

நர்சிங் விடுதியின் மாடி அறையில் ஆறு பெண்கள். அதில் பஞ்சு என்பவளின் போன் துணி ஊறப்போட்ட வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

மற்ற ஐவரும் ரீல்ஸ் பார்த்தே விடிய வைப்பவர்கள். அவர்களில் சோடாப்புட்டி என்று பெயரெடுத்த கண்ணாடிக்காரிக்குத் தன் தூக்கம் கால்மாட்டில் வந்து உட்காருவது நன்றாகவே தெரியும். "இரு, இந்த ஒண்ணு மட்டும்" என்பாள். அதுவும் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும்? ஒருநாள் எழுந்து, பக்கத்துக் கட்டிலில் போன் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த பஞ்சு மேல் போய்ப் படுத்துக்கொண்டது. மற்ற நால்வரின் தூக்கங்களும் அதன் பின்னாலேயே போயின.

பஞ்சு முதலில் காலை டியூட்டிக்குப் பிந்தினாள். பிறகு சாப்பாட்டுக்கு. வியாழக்கிழமை எழவே இல்லை. காய்ச்சல் இல்லை, நாடி ஒழுங்கு. குறட்டை மட்டும் பல குரலில் வந்தது.

"அதுல ஒண்ணு உன் குறட்டைடி!" என்றாள் ஒருத்தி சோடாப்புட்டியிடம்.

"நான் தூங்கியே மாசமாச்சு, எனக்கேதுடி குறட்டை?"

திங்கட்கிழமை வார்டில் செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் பஞ்சுவுக்கு ஒரு வருடம் பாழ். வேறு யாராவது என்றால் முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். இவர்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள். 'எப்போ எழுவாள்?' என்று தலைப்பு வேறு.

ஊர் பேர் தெரியாத பிள்ளைகளெல்லாம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அவர்களுடைய தூக்கம் மட்டும் சும்மா இருக்குமா? வழி விசாரித்துக்கொண்டு அதுவும் வந்து சேர்ந்தது. இரும்புக் கட்டில் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"எத்தனை பேருடி இதுல ஏறிக் குதிச்சீங்க?" என்று கத்திவிட்டு, வார்டன் அம்மா டாக்டரை அழைக்கப் போனார்.

ஞாயிறு மதியம், டாக்டர் வருவதற்குள், சோடாப்புட்டி தோழியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி யோசித்து யோசித்து அடித்தது. உடனே வீடியோவை அழித்தாள், அது எப்போதோ கைமாறிப் போயிருந்தது. தன் போனை அதே வாளியில் போட்டுவிட்டு, பஞ்சுவை ஒட்டிப் படுத்தாள்.

பஞ்சுவின் ஒரு கண் பாதி திறந்தது.

"இது உன்னோடதுதானே? எடுத்துக்கோடி. மத்ததெல்லாம் யாரோடது? கதவு வரைக்கும் நிக்குதுடி..."

பதில் சொல்ல சோடாப்புட்டி வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது. இத்தனை மாதம் காக்க வைத்த தூக்கம் அவள் மேல் பாரமாகச் சாய்ந்தது. பஞ்சுவின் கண்ணும் மூடிக்கொண்டது.

கடைசியாகச் சோடாப்புட்டியின் காதில் விழுந்தது, எதிர்க்கட்டில்காரியின் குரல்:

"ஏய், தள்ளுங்கடி, வெளிச்சத்தை மறைக்காதீங்க. இப்ப வீடியோவுல ரெண்டு பேர்!"